எலி தந்த அறை

“இந்த வீட்ல வச்ச சாமான் வச்ச இடத்துல இருக்காது. ஒரு நகவெட்டியத் தேடி எடுக்கதுக்குள்ள மனுசனுக்கு நகம் இன்னும் ரெண்டு மடங்கு வளந்துரும்.”

இதைச் சொன்னது நான் இல்லை, அவர். முந்தின நாள் சாயங்காலம் பென் டிரைவைச் சொருகி, தெற்குப் பார்த்திருந்த தலைவாசலை மேற்குப் பார்க்கத் திருப்பி, பீரோவை மச்சுக்குக் கீழே தொங்கவிட்டு, குளியலறையை எங்கே கொண்டுபோய் ஒளித்தோம் என்று தனக்கே தெரியாமல் துண்டும் கையுமாக மூன்று அறையைச் சுற்றி வந்த அதே மனிதர்தான், காலையில் நகவெட்டிக்கு என்னைக் கோபித்தார்.

“வச்ச இடமே வச்ச இடத்துல இல்ல. அப்புறம் சாமான் மட்டும் எப்படி இருக்கும்?” என்றேன்.

“அதுக்குத்தான் வடிவு, மேல இடது மூலையத் தொடணும். தொட்டா எல்லாம் விரிஞ்சு வந்துரும். எத்தனை வாட்டி சொல்லுதேன்?”

“காலைல அஞ்சரை மணிக்கு இட்லித் தட்டு எடுக்க நான் ஸ்டூல் போட்டு ஏறி மூலையத் தொடணுமா?”

“பழகிரும்.”

பழகிவிடும் என்பது அவருடைய பதில். திருமணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். என் கணவர் கோமதிநாயகம் நில அளவைத் துறையில் சர்வேயர். ஊரார் நிலத்துக்கெல்லாம் சங்கிலி பிடித்து, இது உன்னுடையது அது அவனுடையது என்று கல் நட்டுவிட்டு வருகிற ஆள், சொந்த வீட்டில் எந்தச் சுவரையும் ஒரு வாரம் ஓரிடத்தில் நிற்கவிட்டதில்லை.

அந்தப் பென் டிரைவைச் சொருகுகிற கம்ப்யூட்டர் எங்கள் மகள் கலைமதியுடையது. ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது, பழசாகிவிட்டது என்று அவள் விட்டுவிட்டுப் போனது. எனக்கு அதில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் முகம் கொஞ்சம் பெரிதாகத் தெரிய வேண்டும், சாப்பிடுகிறாளா மெலிந்திருக்கிறாளா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெட்டி முகத்தைக் காட்டுவதற்குள் அவள் சாப்பிட்டுக் கைகழுவிவிடுவாள், அப்படி ஒரு மந்தம். “லினக்ஸ் போட்டா குதிரை மாதிரி ஓடும், இலவசம், வைரஸ் வராது” என்று அலுவலகத்தில் யாரோ இவரிடம் சொல்ல, இவர் ஒரு குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் யாரும் காலை வணக்கம் சொல்வதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை, நீ எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸில் எந்த வகை, என்றுதான் கேட்பார்கள். எதைச் சொன்னாலும் அது தப்பு என்று நாற்பது பேர் எழுதுவார்கள்.

முதல் தடவை அவர் ஏற்றி முடித்த மறுநாள் நான் அடுக்களைக்குள் போனபோது, மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஆணியிலும் கொக்கியிலும் இருந்த பாத்திரங்கள் எல்லாம் இடதுகைச் சுவரோரம் மேலிருந்து கீழாக ஒற்றை வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன. தோசைக்கல், அதன்கீழ் பால்சட்டி, அதன்கீழ் டீ வடிகட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்பது புள்ளி போட்ட ஒரு எவர்சில்வர் தட்டு. அந்தத் தட்டைத் தட்டினால் மீதிச் சாமான்கள் எல்லாம் வரிசை வரிசையாகக் கண்முன் வந்து நின்றன, என் மாமியார் சீதனமாகக் கொண்டுவந்து நான் தொலைத்துவிட்டதாகப் பேர் வாங்கின வெண்கல உருளி உட்பட. பால் பொங்கிவிடும் என்பதால் நான் நின்று பார்க்கவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. கம்ப்யூட்டர் எப்படியோ வீடு அப்படி. டிஸ்ட்ரோ மாறினால் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் மாறின, திரையின் முகமான டெஸ்க்டாப் மாறினால் வாசலும் அலமாரியும் மாறின. இந்த வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்தது இவர் இல்லை, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற செல்லக்கனி. “குழாய்ல காத்து வந்தா அடியில மாத்திருக்காருன்னு அர்த்தம்க்கா, தொடப்பத்தக் காணோம்னா மேல மட்டும் மாத்திருக்காரு” என்றாள். துடைப்பத்தைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

பாளையங்கோட்டையில் எங்களுடையது ஆறு வீட்டுக் குடியிருப்பு. ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர் என்பதால், எங்கள் வீட்டில் நடந்தது மற்ற ஐந்து வீட்டிலும் நடந்தது. ஆறு வீட்டு ஆட்களும் கீழே இறங்கி வந்தார்கள். ஏன், எப்படி என்று ஒருத்தர் கேட்கவில்லை. சங்கச் செயலாளர் தளவாய் சார், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், “முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா சார்? நான் பாதி சவரத்துல இருந்தேன், கண்ணாடி நகந்து போயிட்டு” என்றார். மாடியில் இருக்கிற ரெஜினா டீச்சர், முட்டிவலிக்காரி, “படிக்கட்டுக் கைப்பிடி வலது பக்கம் வந்திருக்கு, எனக்கு வசதியா இருக்கு, ஆனா சொல்லிட்டுச் செய்யணும் மிஸ்டர் கோமதி” என்றாள். மறுநாள் மாடிப்படி அடியில் அறிவிப்பு ஒட்டினார்கள்: தண்ணீர் பிடித்து முடித்த பிறகே டிஸ்ட்ரோ மாற்றவும்.

பிறகு அது மழை பெய்வது மாதிரி, கரண்ட் போவது மாதிரி ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, “அக்கா, இன்னிக்கு படி எந்தப் பக்கம்?” என்று போன் போட்டார். பால்காரர் எந்த வாசல் என்று தேடாமல் முதலில் கண்ட திறப்பில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார், ஒருநாள் அது ரெஜினா டீச்சர் வீட்டுப் புத்தக அலமாரியாக இருந்தது. வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, வாசல் காலையில் மேற்கேயும் மாலையில் வடக்கேயும் நிற்பதைப் பார்த்து, சண்டை போடுவார் என்று நாங்கள் நினைக்க, செருப்பைக் கழற்றிவிட்டு இவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “அக்கினி மூலையில அடுக்களை, ஈசானியத்துல தண்ணித் தொட்டி, ரெண்டும் சேந்து வாரமாரி டிஸ்ட்ரோ இருக்கா சார்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூட்டம். என் மகள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் ஊரான் வீட்டுத் தண்ணித் தொட்டிக்காக டீ போட்டேன்.

அவற்றின் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் திரையில் வருகிற படத்தை வைத்து ஆறு வீட்டாரும் பெயர் சொன்னார்கள். ஒன்றுக்குப் பாதம், ஒன்றுக்குப் பல்சக்கரம், ஒன்றுக்குப் புதினா. பாதம் வந்தால் வீடு துடைத்துவிட்டது மாதிரி சுத்தமாக இருக்கும், ஒரு சாமானும் வெளியே தெரியாது, தேடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும் அந்தச் சுத்தத்தின் வேதனை. பல்சக்கரத்தில் எல்லாவற்றையும் இஷ்டத்துக்கு மாற்றலாம், கதவுப்பிடி ஒவ்வொன்றிலும் இருபது திருகாணி, ஒரு திருகாணியைத் தப்பாகத் திருகினால் சமையலறை ஊதா நிறமாகிவிடும். புதினாவில் எல்லாம் நம் அம்மா வீடு மாதிரி, வேண்டியது இடதுபக்கம் கீழே.

கட்சி பிரிந்தார்கள். பக்கத்து வீட்டு முகைதீன் அண்ணாச்சிக்குப் பல்சக்கரம். சந்திப் பிள்ளையார் கோயில் பக்கம் சோபா கடை வைத்திருப்பவர், ஹாலை இழுத்து நீட்டினால் விற்காத சோபாவைக் கொண்டுவந்து போடலாம் என்று கணக்கு. ரெஜினா டீச்சருக்குப் புதினா. தளவாய் சாருக்கு எந்தப் படமும் வேண்டாம், டெபியன் என்கிற டிஸ்ட்ரோ இருந்தால் போதும், ஏனென்றால் அது ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் அசையும், “அரசாங்கம் மாதிரி நிதானம்” என்பார். டீச்சரும் தளவாய் சாரும் மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புதினாவுக்கு உள்ளேயும் டெபியன்தான் கிடக்கிறது என்று சிலர் சொன்னார்கள், அது சண்டையைக் கூட்டத்தான் செய்தது. இத்தனைக்கும் ஆறு வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்டவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

அதுவும் பெட்டி பழசு. பல்சக்கரம் போட்டால் மூச்சு வாங்கியது, விசிறி ஊளையிட்டது, வீட்டுக் கதவுகள் திறக்கச் சொன்னால் யோசித்துத் திறந்தன. குழுவில் யாரோ, லேசானதைப் போடு என்றார்கள். அப்படித்தான் திரையில் எலிப் படத்தோடு எலி வந்தது.

எலி வந்த அன்று ஆறு வீடும் மூக்கைச் சுளித்தது. சுவர் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், வளைவு இல்லை, பூவேலை இல்லை. “எம்பதுகள்ல கட்டின ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்றார் முகைதீன் அண்ணாச்சி. ஆனால் குழாயைத் தொட்டால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், கதவு கை வைக்கும் முன்னே திறந்தது. அந்த ஞாயிறு கலைமதியின் முகம் பெட்டியைத் திறந்தவுடன் வந்து நின்றது, மூக்குத்தி மாற்றியிருக்கிறாள் என்பதுகூடத் தெரிந்தது. நான் மனதுக்குள் எலிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பருப்பு டப்பாவை எடுக்கப் போனேன்.

பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருந்தது.

திறந்தால் சின்ன அறை. ரெண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். ஒரு பிரம்பு நாற்காலி, உயரத்தில் ஒரு வெளிச்சத் துவாரம், கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். போட்டவுடன் குக்கர் விசில் நின்றது, தெருவில் தேங்காய் விற்கிறவர் குரல் நின்றது, “வடிவு, என் கண்ணாடி” என்று பாதியில் இருந்த குரல் பாதியிலேயே நின்றது.

அதைச் சொன்னால் யாருக்குப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா வீட்டில் நாங்கள் ஏழு பிள்ளைகள், ஒரே பட்டாசாலைக் கூடத்தில் தலைமாடும் கால்மாடுமாகப் படுத்து வளர்ந்தோம். பிறகு கான்வென்ட் விடுதி, நாற்பது கட்டில், நாற்பது தகரப் பெட்டி, குளியலறைக்குக்கூடக் கதவு முக்கால் உயரம். சிஸ்டர்மாருக்கு மட்டும் ஆளுக்கொரு அறை, உள்ளே தாழ்ப்பாள், ஒரு நாற்காலி. அந்தத் தாழ்ப்பாளுக்காகவே நான் ஒரு வருஷம் கன்னியாஸ்திரீ ஆவதென்று இருந்தேன், சைவப் பிள்ளை வீட்டுப் பெண், அப்பா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். பிறகு கல்யாணம், பிறகு மாமியார், பிறகு பிள்ளை, கழிப்பறையில் இருக்கும்போதுகூடக் கதவைத் தட்டி உப்பு எங்கே என்று கேட்கிற வீடு. இத்தனைக்கும் பிறகு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு எலி எனக்கு அறை கொடுத்தது.

நான் அங்கே ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்தேன். தினமும் மத்தியானம் பாத்திரம் ஒதுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். விடுதியில் பாடின ஆங்கிலப் பாட்டில் ரெண்டு வரி ஞாபகம் இருந்தது, மூன்றாவது வரி அங்கே வைத்து ஞாபகம் வந்தது. வெளியே வந்தால் எல்லாரும் கூப்பிட்டு ஓய்ந்திருப்பார்கள். நகவெட்டியை அவரே கண்டுபிடித்து நகத்தையும் வெட்டியிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் கூடியது. இனி வாரம் ஒரு வாசல் என்று அலைய முடியாது, ஒன்றை முடிவு செய்து அதிலேயே நிற்போம் என்றார்கள். எங்கள் ஹாலில்தான் கூட்டம், என்னுடைய டீ. பேசிப் பேசி டீச்சரும் தளவாய் சாரும்கூடச் சமாதானத்துக்கு வந்து, அழகாகவாவது இருக்கட்டும், பல்சக்கரமே என்று கைதூக்கினார்கள். இவர் பெட்டிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

“எலியே இருக்கட்டும்” என்றேன், டீத் தட்டோடு நின்றபடி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், தட்டு பேசிவிட்டது மாதிரி.

“உங்களுக்கு என்னக்கா, அடுக்களை எங்க இருந்தாலும் அடுக்களைதான” என்றார் முகைதீன் அண்ணாச்சி.

“எதுக்கு எலி? காரணம் சொல்லுங்க மிஸஸ் வடிவு, காரணம் இல்லாம வோட்டுப் போட முடியாது” என்றாள் டீச்சர்.

“நல்லாயிருக்கு.”

“எது நல்லாயிருக்கு? சாம்பக் கலரா?” தளவாய் சார் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி போனது. அந்த ஒரு சிரிப்பு இல்லாவிட்டால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர்களை வரிசையாக அடுக்களைக்குக் கூட்டிப் போய், பருப்பு டப்பாவை நகர்த்தி, கதவைத் திறந்து காட்டினேன்.

எட்டிப் பார்த்தார்கள். அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை.

“ஓ, இதுவா! எலில நாலு பணித்தளம், நாலு அறை மாதிரி, இருக்கும்னு போட்டுருந்தான். நாமதான் ஒண்ணுலயே கிடக்கோம்” என்றார் இவர், தானே கட்டிவைத்தது போல.

“காலியா கிடக்கே” என்றார் முகைதீன் அண்ணாச்சி.

“காலியா இல்ல. நான் இருக்கேன்” என்றேன்.

“அது சரிக்கா, நீங்க இருக்கீங்க. நான் சாமானச் சொல்லுதேன்.”

தீர்மானம் அங்கேயே மாறியது. எலி ஏகமனதாக ஜெயித்தது, எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், நல்ல யோசனை, முதல்லயே சொல்லியிருக்கலாம் என்று. அவரவர் வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருக்கும், போய்த் தேடுங்கள் என்றேன். தேடுவது யார்? திறந்திருக்கிற கதவு எங்கள் வீட்டில் இருந்தது. சாயங்காலத்துக்குள் விற்காத மெரூன் சோபா ஒன்று வந்தது, சங்கத்துச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி வந்தன, டீச்சருடைய காலி சிலிண்டர் “ஒரு வாரத்துக்குத்தான்” என்று வந்தது. கடைசியாக இவர், மேசை, வயர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார். “அமைதியான இடம் வடிவு, இப்படி ஒண்ணு இருக்கதச் சொல்லாம இருந்திட்டியே.”

தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

சாப்பிடக் கூப்பிட்டால் கேட்பதில்லை. காய்க்காரர் வந்தால் கேட்பதில்லை, மகள் போனில் வந்தால் கேட்பதில்லை. என் அறைக்கு வெளியே நின்று நான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், ரசத்தைக் கலந்தபடி, “எலியிலயே ஒரு குறை இருக்கு. அந்த நாலு பணித்தளமும் வீண்தான? குழுவுல புதுசா ஒண்ணு சொல்லுதான், ஒரே அறை, ஒரே சுவர், எல்லாம் அதுலயே. ஞாயித்துக்கிழமை போட்டுப் பாத்துருவோம்” என்றார்.

“அந்த அறை போயிருமா?”

“போகும். அது எதுக்கு?”

“கம்ப்யூட்டர் அந்த அறைக்குள்ளதான் இருக்கு.”

ஊரெல்லாம் எல்லைக்கல் நட்டவர் சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு போட்டார். “அதெல்லாம் தானா வெளிய வந்துரும்” என்றார். பிறகு அப்பளம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, அறிவிப்புப்படி, பென் டிரைவைச் சொருகினார். நடுவில் எழுந்து, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனார். பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் அவர் எதையும் மாற்றுவதில்லை. நான் உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளைப் போட்டேன். எல்லாச் சத்தமும் நின்றது.

திரையில் ஒரு கேள்வி நின்றது. கம்ப்யூட்டரின் வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா? கீழே ரெண்டு பொத்தான்கள், பின்செல், தொடர். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எதையும் அழிக்கும் முன் ஒருத்தர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு ரெண்டையும் அமுக்காமல், பெட்டியின் சுவிட்சை அணைத்து, பென் டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்து, இடுப்பில் சொருகிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரு ஓரமாகத் தள்ளி, மெரூன் சோபாவில் கால் நீட்டினேன். முகைதீன் அண்ணாச்சி கடையில் அது விற்காததற்குக் காரணம் நிறம்தான், மற்றபடி முதுகுக்கு நல்ல சோபா.

தாழ்ப்பாள் அதிர்ந்தது. பிறகு பலமாக அதிர்ந்தது. ஒரு கை, ரெண்டு கை, பிறகு நிறையக் கைகள். சத்தம் ஒன்றும் வரவில்லை, தாழ்ப்பாள் மட்டும் பித்தளைப் பல்லி மாதிரி துடித்தது. பாட்டின் நாலாவது வரி வரும் என்று காத்திருந்தேன். அதற்கு முன் தலைவலி வந்தது, அந்த நேரத்துக்குத் தினமும் வருகிற காபித் தலைவலிதான்.

எழுந்து தாழ்ப்பாளைத் தள்ளி, கதவை ஒரு சாண் திறந்தேன். அடுக்களை நிறைய ஆட்கள். இவர், தளவாய் சார், ரெஜினா டீச்சர், முகைதீன் அண்ணாச்சி, அக்கினி மூலை வாஸ்துக்காரர், வாசலில் செருப்போடு நின்ற யார் யாரோ. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

“இனிமே இந்த வீட்ல எதுவும் மாறாது. நாலு அறையும் இருக்கும், இது என்னுது. சோபா இங்கயே கிடக்கட்டும், சிலிண்டரத் தூக்கிட்டுப் போங்க” என்றேன். “டிக்காஷன் இறக்கி வச்சிருக்கேன், பால் காய்ச்சினா போதும். சீனி கம்மியா எனக்கு ஒரு காபி.”

அடுப்பு அவர்களுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இவர் தளவாய் சாரைப் பார்த்தார், தளவாய் சார் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் அண்ணாச்சியைப் பார்த்தாள், அண்ணாச்சி மேல இடது மூலையைப் பார்த்தார்.

“யாராவது ஒருத்தர்” என்றேன்.